குரங்கை நினைக்காமல் மருந்து குடிப்பது

சில நோய்களுக்குப் பெயரே தப்பாக அமைந்துவிடும். அனோரெக்ஸியா அப்படியொன்று. கிரேக்க வேரைப் பிடித்துக்கொண்டு போனால் அதற்குப் ‘பசியின்மை’ என்று பொருள். ஆனால் இந்த நோயில் அகப்பட்டவர்களில் பலருக்குப் பசி நன்றாகவே இருக்கிறது. அந்தப் பசியைப் பற்றி, அதைப் பற்றி எழும் எண்ணங்களைப் பற்றி அவர்கள் என்ன நம்புகிறார்கள் என்பதுதான் விஷயம். இந்த இடத்துக்கு வந்து சேர மருத்துவத்துக்குக் கிட்டத்தட்ட முந்நூறு வருடங்கள் ஆகியிருக்கின்றன.

1689இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் காசநோய் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனாலும் உடம்பு உருகிக்கொண்டே போகிறது. இரவெல்லாம் கண்விழித்துப் புத்தகம் படிக்கிறாள். மனக்கவலைகளே இதற்குக் காரணம் என்று மார்ட்டன் ஊகித்தார். நுரையீரலில் குறை காண முடியாததால் இதை நரம்புகளைச் சேர்ந்த தேய்வாக வகைப்படுத்தினார். அந்தப் பெண் பிழைக்கவில்லை.

அடுத்த பெரிய திருப்பம் 1873. அந்த ஒரே ஆண்டில் லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் சார்லஸ் லாசேக் என்று இரண்டு பேர் தனித்தனியாக இந்த நோயை விவரித்தார்கள். ‘அனோரெக்ஸியா நெர்வோசா’ என்ற பெயர் கல் வைத்தது. அவருக்கு இது நரம்பின் கோளாறு. வேளாவேளைக்குச் சாப்பாடு கொடு, சொந்தக்காரர்களைத் தள்ளி வை என்பதே அவருடைய வைத்தியத்தின் சாரம். லாசேக் கவனித்தது வேறு. வீட்டில் எல்லோரும் பதறுகிறார்கள், நோயாளி மட்டும் பதறவில்லை. எனக்கு வலி எதுவும் இல்லை, அதனால் நான் நன்றாக இருக்கிறேன் என்கிறாள். தன் நிலையைப் பற்றி நோயாளி என்ன நம்புகிறாள் என்பதையே நோயின் அடையாளமாக அவர் பார்த்தார். என் வாசிப்பில் இந்தக் கதை உண்மையில் தொடங்கும் இடம் அதுதான்.

ஆனால் அந்த நூல் அறுந்துபோனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைச் சுரப்பிகளின் கோளாறாகப் பார்க்கும் போக்கு கொஞ்ச காலம் கோலோச்சியது. நூலை மறுபடி எடுத்து முடிச்சுப் போட்டவர்களில் முக்கியமானவர் ஹில்டே புரூக். ஜெர்மனியில் பிறந்த யூத மருத்துவரான அவர், 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு வெளியேறி, இங்கிலாந்து வழியாக அமெரிக்கா போனார். 1962இல் எழுதிய கட்டுரையில் மூன்று விஷயங்களைச் சொன்னார். ஒன்று, இவர்கள் தம் உடம்பின் உருவத்தை உள்ளபடி பார்ப்பதில்லை. இரண்டு, உள்ளிருந்து வரும் சமிக்ஞைகளை, பசியையே கூட, சரியாக வாசிக்க முடிவதில்லை. மூன்று, தன்னால் எதுவுமே ஆகாது என்ற உணர்வு எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. எதுவுமே கையில் இல்லாத ஒருவருக்குத் தட்டு மட்டும் கையில் இருக்கிறது.

இதற்கிடையே வேறொரு திசையில், உண்ணல் கோளாறோடு சம்பந்தமே இல்லாத ஒரு சோதனை நடந்திருந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஐரோப்பா முழுக்கப் பட்டினி. பட்டினி கிடந்த உடம்பை எப்படி மீட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆன்சல் கீஸ் என்ற உடலியங்கியல் ஆய்வாளர், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்துக்கு அடியிலிருந்த ஆய்வகத்தில் 36 இளைஞர்களைத் தங்கவைத்தார். மனச்சாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள். உடலும் மனமும் திடமாக இருக்கின்றனவா என்று சோதித்துத்தான் எடுத்தார்கள். 1945 பிப்ரவரியிலிருந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி.

உடம்பு மெலிந்தது எதிர்பார்த்ததே. மனம் போன போக்குதான் யாரும் எதிர்பாராதது. பேச்செல்லாம் சாப்பாடு, கனவெல்லாம் சாப்பாடு. சமையலில் ஆர்வமே இல்லாதவர்கள் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். கொஞ்சூண்டு சாப்பாட்டை மணிக்கணக்கில் வைத்துக்கொண்டு, பிசைந்து, கலந்து, சடங்கு மாதிரி சாப்பிட்டார்கள். மறுபடி உணவு கிடைத்தபோது சிலரால் நிறுத்த முடியவில்லை. இவை எல்லாமே உண்ணல் கோளாறு சிகிச்சையகங்களில் தினமும் பார்ப்பவை. ஆக, ஓயாத உணவு எண்ணத்தில் ஒரு பங்கு பட்டினியின் விளைவு. அது அந்த நபரின் குணமோ பலவீனமோ அல்ல. கீஸின் ஆய்வு 1950இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வந்தது. இன்றும் சிகிச்சையாளர்கள் அதை எடுத்துச் சொல்கிறார்கள். “நீங்க கெட்டவங்க இல்ல, உங்க மூளை பசியில இருக்கு” என்று சொல்ல அவர்களுக்கு அது ஒரு சாட்சி.

சரி, அந்த எண்ணம் வந்துவிட்டது. வந்தபின் நாம் அதை என்ன செய்கிறோம்? மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற நம்மூர்க் கதை எல்லோருக்கும் தெரியும். 1987இல் டேனியல் வெக்னரும் அவருடைய சகாக்களும் டெக்சஸில் மாணவர்களை உட்காரவைத்து அதையே செய்து பார்த்தார்கள். குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. கரடி நினைவுக்கு வந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிற்பாடு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலில் அடக்கச் சொல்லப்பட்டவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது.

எண்ணத்தைப் பற்றிய எண்ணத்துக்கு 1970களில் ‘மெட்டாகாக்னிஷன்’ என்று பெயர் வைத்தவர் ஜான் ஃபிளேவல். அவர் ஆராய்ந்தது குழந்தைகளை. மனப்பாடம் ஆயிடுச்சா என்று கேட்டால் சின்னக் குழந்தைகள் ஆயிடுச்சு என்பார்கள், ஆனால் ஆகியிருக்காது. இந்தக் கருத்தை மனநோய்ப் பக்கம் கொண்டுவந்தவர் மான்செஸ்டரின் ஏட்ரியன் வெல்ஸ். 1997இல் அவரும் சாம் கார்ட்ரைட்-ஹாட்டனும் ஒரு வினாத்தாள் தயாரித்தார்கள். கவலைப்படுவது எனக்கு உதவுகிறது, என் எண்ணங்கள் என் கையை மீறியவை, எண்ணங்களைக் கட்டுப்படுத்தியே தீரவேண்டும், என் மனதை நான் எப்போதும் கண்காணிக்கிறேன் என்ற மாதிரியான நம்பிக்கைகளை அளக்கும் தாள் அது. எதைப் பற்றிக் கவலைப்படுகிறாய் என்று அது கேட்பதில்லை. கவலையைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறது. பிறகு வந்த பல ஆய்வுகளில் உண்ணல் கோளாறு உள்ளவர்கள் இந்தத் தாளில் மற்றவர்களைவிட அதிக மதிப்பெண் எடுத்தார்கள்.

சர்வரில் என்ன நடக்கிறது என்று பார்க்க வைத்த மானிட்டரிங்கே சர்வரின் மெமரியைத் தின்றுவிடுவதை என் தொழிலில் பார்த்திருக்கிறேன். அந்தக் கடைசி நம்பிக்கையைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

இன்னொரு ஆய்வும் முக்கியம். கல்லூரியில் என் வகுப்புத் தோழி ஒருத்தி கேன்டீன் பப்ஸைப் பார்த்துவிட்டு, “நெனச்சாலே வெயிட் போடுதுடி” என்பாள். எல்லோரும் விளையாட்டாகச் சொல்வதுதான். அதையே ஒருவர் உள்ளூர நம்பினால்? 1999இல் ராஸ் ஷாஃப்ரன் குழுவினர் இதற்கு எண்ணமும் உருவமும் ஒட்டிக்கொள்வது என்ற பொருளில் ஒரு பெயர் கொடுத்தார்கள். ஒரு உணவை நினைத்ததாலேயே உடம்பு பெருத்துவிட்ட உணர்வு, சாப்பிட்டதற்குச் சமமான குற்றவுணர்வு. அப்படியென்றால் நினைப்பே ஒரு செயல். செயலுக்குப் பரிகாரம் வேண்டும். பரிகாரமாக இன்னும் பட்டினி, பட்டினியால் இன்னும் நினைப்பு. கீஸின் மைதானத்தை இந்த ஆய்வோடு சேர்த்துப் பார்த்தால் வட்டம் பூர்த்தியாகிறது.

இதற்கு ஒரு நேர்மையான மறுப்பு உண்டு. வினாத்தாள் மதிப்பெண் நோயோடு சேர்ந்து போகிறது என்பதால் அதுதான் காரணம் என்று ஆகாது. நம்பிக்கை முதலா, பட்டினி முதலா? அதனால்தான் உடம்பு மோசமாக இருக்கும்போது சாப்பாடுதான் முதல் மருந்து. அந்த அளவில் கல் சொன்னது இன்னும் நிற்கிறது. ஆனால் சாப்பாடு மட்டும் போதாது என்பதைப் புரூக்கிலிருந்து வெல்ஸ் வரை எல்லோரும் சொல்கிறார்கள்.

நம் வீடுகளில் இந்த நோயை எதிர்கொள்ளும்போது முதலில் வரும் புத்திமதி, “மனசக் கட்டுப்படுத்தும்மா.” அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பெண், அல்லது பையன், ராத்திரி பகலாகச் செய்துகொண்டிருப்பதே அதுதான். மனதைக் கட்டுப்படுத்தியே தீரவேண்டும் என்பது நோயின் வேதவாக்கு. அதை நாமும் சேர்ந்து ஓத வேண்டியதில்லை. நினைப்பு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அது வெறும் நினைப்பு, வா, சேர்ந்து சாப்பிடலாம் என்று சொல்லலாம். ஒரு நல்ல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகலாம், கூடவே உட்கார்ந்திருக்கலாம்.