தானுகந்ததும் தமருகந்ததும்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருபவை 1991 மே 21 இரவும், நெடுஞ்சாலையின் இருபுறமும் நீளும் தொழிற்சாலை மதிற்சுவர்களும்தாம். ஆனால் அவ்வூருக்குள் சற்றே திரும்பினால் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும், அங்கே இராமானுசரின் திருவுருவமும் இருக்கின்றன. வைணவ மரபு இராமானுசருக்கு மூன்று திருமேனிகளைச் சிறப்பித்துச் சொல்லும். திருவரங்கத்தில் இருப்பது தானான திருமேனி. மேல்கோட்டை எனப்படும் திருநாராயணபுரத்தில் இருப்பது தமருகந்த திருமேனி. அவர் பிறந்த பெரும்புதூரில் இருப்பது தானுகந்த திருமேனி; அதை அவரே தழுவி மகிழ்ந்தார் என்பது மரபு. மேல்கோட்டைத் திருமேனியோ, அவர் தங்களை விட்டுப் புறப்பட்ட நாளில், பிரிவைத் தாங்காத அன்பர்கள் செய்து வைத்துக்கொண்டது என்பர்.

உகத்தல் என்ற சொல் பேச்சு வழக்கில் அருகிவிட்டது. விரும்புதல், மகிழ்தல் இரண்டும் அதற்குள் அடக்கம். ஒருவர் தாம் உகந்ததைத் தமரும் உகக்க வேண்டுமென்று ஆசைப்படுவதைத்தான் நாம் நட்பு என்கிறோமோ என்று தோன்றுகிறது. நல்ல நூலொன்றைப் படித்தவுடன் யாரிடமேனும் சொல்லியாக வேண்டும் என்ற பரபரப்பு, பார்த்த படத்தை மறுநாள் வாயாலேயே ஓட்டிக்காட்டும் உற்சாகம், குழந்தையின் முதல் சொல்லைக் கேட்பவர் சலிக்கும்வரை சொல்லித் தீர்க்கும் ஆனந்தம் எல்லாம் இவ்வகையே. திருக்கோட்டியூரில் குருவிடம் அரும்பாடுபட்டுப் பெற்ற இரகசியப் பொருளை இராமானுசர் கோபுரத்தின்மீது ஏறி ஊருக்கெல்லாம் சொன்னார் என்று குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. தத்துவத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அதிலுள்ள மனம் நமக்கு அந்நியமானதன்று.

தமிழ் இலக்கிய வாசகர்களிடம் இவ்வகைப் பகிர்தல் என்றாலே டி.கே.சி.யின் வட்டத்தொட்டி நினைவுக்கு வந்துவிடும். 1920களில் திருநெல்வேலியில் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் நண்பர்கள் கூடிக் கம்பனையும் பிறவற்றையும் அனுபவித்த அவை அது. பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி மகாராஜன் போன்றோர் அந்த வட்டத்தில் விளைந்தவர்கள். கல்கியும் இராஜாஜியும் டி.கே.சி.யின் நெருங்கிய நண்பர்கள். பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தபோது அந்த விருந்தும் பேச்சும் அங்கே தொடர்ந்தன. கூட முடியாதபோது கடிதங்கள் அந்த வேலையைச் செய்தன. 1954இல் அவர் மறைந்த பின்னும் அக்கடிதங்களைப் படிப்பவர்கள், தாமும் அந்தத் தாழ்வாரத்தில் ஒரு மூலையில் அமர்ந்திருப்பதாக உணர்கிறார்கள்.

இங்கே நியாயமான ஓர் ஐயம் எழும். வழக்கறிஞர்களுக்கும் நீதிபதிகளுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஓய்வு இருந்தது, தாழ்வாரமும் இருந்தது. சங்கொலிக்கு எழுந்து சங்கொலிக்கு ஓடுகிறவர்களுக்கு வட்டத்தொட்டி ஏது?

அதற்கு விடை தேட வடசென்னைக்குப் போக வேண்டும். பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் அருகே வேங்கடேச குணாமிர்தவர்ஷிணி சபை என்றொரு வைணவ அன்பர் கூட்டம் இருந்தது. அதை நடத்திய செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் பெருந்தலைவர்கள் அல்லர், சிறு வணிகர்கள். பின்னவர் பெயரிலேயே பெரும்புதூர்க்காரர் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். சபையில் சொற்பொழிவு நடக்கும். ஆலைத் தொழிலாளர்கள் வந்து கேட்பார்கள். திரு.வி.க.வும் அங்கே பேசியிருக்கிறார். தொழிலாளர்கள் வந்தது பக்திக்காகவும் தமிழுக்காகவும். ஆனால் சேர்ந்து உட்கார்ந்து ஒன்றை இரசித்தவர்கள், எழுந்து போகும்போது வேறொன்றையும் பேசத்தானே செய்வார்கள்? மதிய இடைவேளையில் சோறு உண்ணக்கூட நேரம் போதவில்லை என்ற குறை அவ்வாறு பேசப்பட்டவற்றுள் ஒன்று. செட்டியாரும் நாயுடுவும் அக்குறைகளை பி.பி. வாடியாவிடம் கொண்டு போனார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவர், அந்தச் சபைக்காரர் இருவரும் செயலாளர்கள். இந்தியாவில் முறையாக அமைந்த தொழிற்சங்கங்களில் முதலாவதாக இதைப் பலரும் குறிப்பிடுவர்.

தொழிற்சங்க வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் அந்தச் சபையை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாங்கள் அந்த ஒரு வரியில்தான் நின்றுவிடுகிறோம். அதே பாசுரப் பொருளுக்குத் தலையசைத்த பக்கத்து ஆள் என்பதால்தானே ஒருவர் தம் வயிற்றுக் குறையை அவரிடம் சொல்லத் துணிந்திருப்பார்? முன்பின் பழகாதவரிடம் யாரும் பசியைச் சொல்வதில்லை.

அந்த ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. அதே ஆண்டில்தான் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்து சேர்ந்தது. 1998இல் முதல் சான்ட்ரோ கார்கள் வெளிவந்தன. பின்னர் ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் திறக்கப்பட்டன. சென்னையின் தொழிலாளர் வாழ்வு பெரம்பூரிலிருந்து மேற்கே நகர்ந்தது என்றே சொல்லலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பெரம்பூர்த் தொழிலாளி ஆலையைச் சுற்றியே குடியிருந்தார். கடை, கோயில், கால்பந்துத் திடல் எல்லாம் நடந்து போகும் தூரம். பெரும்புதூர்த் தொழிலாளர்களில் மிகப் பலர் வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்தும், வடமாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்குகிறவர்கள். ஆலைக்கும் அறைக்கும் இடையில் ஒரு பேருந்து. அவ்வளவே அவர்கள் ஊர்.

நோக்கியா ஆலை 2006இல் இங்கே இயங்கத் தொடங்கியது. பணியாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இளம்பெண்கள். மக்களை இணைப்பதே தம் தொழில் என்று உலகெங்கும் விளம்பரம் செய்த நிறுவனம் அது. நம் தங்கைமார் கோத்துக் கொடுத்த கைப்பேசிகளில் எத்தனை நட்புகள் வளர்ந்தனவோ! 2014இல் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது, வரி வழக்கின் காரணமாக இந்த ஆலை மட்டும் விடுபட்டுப் போயிற்று. அவ்வாண்டு நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் தத்தம் ஊர் திரும்பினர். ஒரே வரிசையில் நின்று, ஒரே பேருந்தில் பாட்டுக் கேட்டு, தீபாவளிப் படத்துக்குச் சேர்ந்து போனவர்கள். வேலை இழப்புக்குக் கணக்கு எழுதப்பட்டது. இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் கெட்டுப்போன உணவால் பல பெண்கள் நோயுற்றனர். உடன் தங்கியவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பதற்குத் தெளிவான விடை கிடைக்காமல் வதந்திகள் பரவின. அப்பெண்கள் மார்கழிப் பனியில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தார்கள். உணவும் இடவசதியும் அவர்களுடைய கோரிக்கைகள்தாம். எனினும் அன்றிரவு அவர்களைத் தெருவுக்கு இழுத்தவற்றுள், பக்கத்துப் படுக்கைக்காரி என்ன ஆனாள் என்ற கவலையும் ஒன்று. 1918இல் பெரம்பூரில் கண்டதையே இங்கும் காண்கிறோம்.

2024 ஆகஸ்டில் வல்லம்-வடகாலில் 18,720 பேர் தங்கும் பெரிய பணியாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய செயல். நல்ல உணவும் காற்றோட்டமான அறையும் எவர்க்கும் உரியவை. ஆனால் மூன்று ஷிப்டாகப் பிரிந்த வாழ்வில், ஒருத்தி எழும்போது மற்றவள் உறங்கப் போகிறாள். இருவரும் விழித்திருக்கும் ஒரு மணி நேரத்தை யார் கட்டித் தருவது?

எங்கள் நண்பர் குழுவில் இருவர் ஒரகடம் பக்கம் உதிரிபாக ஆலை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள். ஒருவர் ஏ ஷிப்டு முடிந்து இறங்கும் நிறுத்தத்தில் மற்றவர் பி ஷிப்டுக்கு ஏறுவார். இடையில் கிடைப்பது ஐந்தாறு நிமிடம். அதற்குள் ஒரு புத்தகம் கைமாறும். கருத்துச் சொல்ல நேரமிராது. ஆகவே பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி வைப்பார்கள். பிடித்த வரிக்கு ஒரு கோடு, சண்டை போடவேண்டிய இடத்துக்கு ஒரு கேள்விக்குறி, நடுவே முந்தைய நாள் கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வசவு. ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தில் ஒருவருக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியும் எடையும் இருக்கின்றன. அப்புத்தகங்கள் இன்றும் எங்களிடம் உள்ளன. நூலைவிட ஓரக் குறிப்புகளைத்தான் அதிகம் படித்திருக்கிறோம்.

அந்த நிறுத்தத்துக்கு நிழற்குடை இருந்ததில்லை. மழை வந்தால் புத்தகம் சட்டைக்குள் போகும். சென்ற சித்திரைத் திருவாதிரைக்குப் பெரும்புதூர்க் கோயிலுக்குப் போனோம். சந்நிதியில் கூட்டம். எங்களுக்கு முன்னே, கழுத்தில் நிறுவன அடையாள அட்டை தொங்க, மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மற்ற இருவருக்கும் தானுகந்த திருமேனியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வரிசை நகர்ந்தது, அவள் கதையை விடவில்லை. நாங்களும் அவசரப்படுத்தவில்லை.