மறைத்தவரைக் கேட்காதீர்கள்

2019 வரை நம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர் கூவாகம். சித்திரைதோறும் திண்டிவனம் வழியாக அங்கே செல்லும் திருநங்கையரை நாம் திருவிழாக் கூட்டமாகவே பார்த்தோம். பேசச் சொல்லிக் கேட்கவில்லை. ஏ. ரேவதியின் தன்வரலாறு 2010இல் ஆங்கிலத்தில் வந்தபோது அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார். பிறகுதான் தமிழில் ‘வெள்ளை மொழி’ வந்தது. தலித் திருநங்கையான லிவிங் ஸ்மைல் வித்யா, 2013இல் வெளியான நேர்காணலில், திருநங்கையர் மீதான வெறுப்பும் பார்ப்பனியத்தின் ஒரு வடிவமே என்றார்.

தோழர்களே, வாடகை வீட்டுக்காகச் சாதியை மறைத்தவர்கள் நாம். மறைத்து வாழும் வலி நமக்குத் தெரியும். ஆகவே ஐம்பது வயதில் ஒருவர் தன்னை வெளிப்படுத்தினால், “இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?” என்று அவரைக் கேட்க வேண்டாம். சொல்லவிடாத இடமாக நம் வீடும் சேரியும் இயக்கமும் ஏன் இருந்தன என்று நம்மைக் கேட்போம்.