கூரை இழந்த மடங்கள்

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் 1969-ல் திறக்கப்பட்ட 'கிளீவ்லாண்ட் வே' நடைபாதை, ஹெல்ம்ஸ்லி என்ற பழைய சந்தை ஊரில் தொடங்கி ஃபைலி வரை 175 கி.மீ. நீள்கிறது.

முதல் நாளே சற்று விலகி நடந்தால் ரீவோ மடத்தைக் காணலாம். 1132-ல் நிறுவப்பட்ட இம்மடம் ஆட்டு ரோம வியாபாரத்தில் செழித்தது. போப்பாண்டவரோடு உறவை முறித்த மன்னர் எட்டாம் ஹென்றிக்கு மடங்களின் சொத்து தேவைப்பட்டது. 1538-ல் ரீவோ மூடப்பட்டு, கூரையின் ஈயம்கூட உருக்கப்பட்டது. பிறகு மீதியும் இடிபாடானது.

கடற்கரையில் விட்பி நகரம். 199 படிகள் ஏறினால் அங்கும் இடிபாடுதான். ஹில்டா என்ற பெண் தலைமை வகித்த பழைய விட்பி மடத்தில்தான் 664-ல் ஈஸ்டர் நாளைக் கணிக்கும் முறை முடிவானது. 1539-ல் விட்பியும் மூடப்பட்டது.

துறவிகளில் பெரும்பாலோருக்கு ஓய்வூதியம் கிடைத்தது. மடத்து வாசலில் உணவு பெற்ற ஏழைகளுக்கோ அந்த வாசலே அடைபட்டது.