மத்தியஸ்தம் வளர்ந்த வரலாறு

வழக்குடையோர் தாமே ஒருவரைத் தேர்ந்து, அவர் தீர்ப்புக்குக் கட்டுப்படுதல் நம்மவர்க்குப் புதிதன்று. ஊர்ப் பஞ்சாயத்தையும் வணிகர் மத்தியஸ்தத்தையும் நாம் நன்கறிவோம். ஆயினும், பம்பாய்க்கு வந்து தாராவியில் தோல் தொழில் நடத்திய தமிழர், வேற்று மொழியினரோடும் வாணிகம் செய்ய வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பெரியவர் சொல் அவர்களைக் கட்டுப்படுத்துமா? இங்கேதான் சட்டத்தின் துணை வேண்டியதாயிற்று.

பம்பாய் இராஜதானியின் 1827ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளிலேயே மத்தியஸ்தத்திற்கு இடமிருந்தது. 1899ஆம் ஆண்டுச் சட்டம், தொடக்கத்தில் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய இராஜதானி நகரங்களுக்கு உட்பட்ட வழக்குகளுக்கே உரியதாயிருந்தது. பஞ்சும் பங்குகளும் நாள்தோறும் கைமாறிய பம்பாயில், சரக்கின் தரமறிந்த வணிகரே தீர்ப்பளித்தல் பெரிதும் பயன்பட்டது.

பின்னர் வந்த 1940ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு குறை இருந்தது. மத்தியஸ்தர் தீர்ப்பை நீதிமன்றம் ஏற்றுத் தன் ஆணையாக்கினால்தான் அதை நிறைவேற்றலாம். நீதிமன்றத்தைத் தவிர்க்க விரும்பியவர் மீண்டும் அதன் வாயிலிலேயே காத்துநின்றனர். 1981ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே இந்நிலையைக் கடிந்துரைத்தது.

ஐக்கிய நாடுகளின் மாதிரிச் சட்டத்தைத் தழுவிய 1996ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறையை நீக்க முற்பட்டது. அதன்படி மத்தியஸ்தர் எண்ணிக்கை ஒற்றைப்படையாதல் வேண்டும். தீர்ப்பை எதிர்ப்போர் மூன்று மாதங்களுக்குள் நீதிமன்றத்தை அணுகவேண்டும். அதற்குரிய காரணங்களும் சிலவே. ஆனால் மத்தியஸ்த உடன்பாடு எழுத்தில் இருத்தல் இன்றியமையாதது. செம்பூரில் ஒப்பந்த வேலை செய்பவராயினும் மாட்டுங்காவில் கடை வைத்திருப்பவராயினும், வாய்ச்சொல் மட்டும் போதாது. கையொப்பமிட்ட தாளோ, இருவரும் பரிமாறிய கடிதங்களோ வேண்டும்.

பெரிய நிறுவனத்திற்குப் பை தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறைக்காரர், இவ்வாறு எழுதிக் கேட்கத் தயங்குவது இயல்பே. அவர்க்கு 2006ஆம் ஆண்டின் சிறுதொழிற் சட்டம் கைகொடுக்கிறது. சரக்கை ஏற்றவர் மிஞ்சிப்போனால் 45 நாட்களுக்குள் பணம் செலுத்தவேண்டும். தவறினால், சிறுதொழிலாகப் பதிவு பெற்றவர் அதற்கென அமைந்த மன்றத்தில் முறையிடலாம். தனி உடன்பாடு தேவையில்லை. மன்றம் முதலில் சமரசம் பேசும். அது பலிக்காவிடில் வழக்கு மத்தியஸ்தத்திற்குச் செல்லும். தீர்ப்பை எதிர்க்க விரும்பும் கொள்முதற்காரர், தீர்ப்புத் தொகையில் நூற்றுக்கு 75 பங்கை முதலில் கட்டவேண்டும்.

பஞ்சாயத்தில் ஊரறிந்த உண்மை சாட்சியாயிற்று. இங்கே சாட்சி சொல்வது தாளே. ஆதலின் பட்டியலையும், சரக்குச் சேர்ந்ததற்குரிய கையொப்பச் சீட்டையும் பேணிவைத்தல் நம் தொழிலின் ஒரு பகுதியாதல் வேண்டும்.