பூ மேலே பார்க்குதா, கீழே பார்க்குதா?

போன வாரம் துறைமுகம், வரின்னு கொஞ்சம் கனமா போயிட்டோம். இந்த வாரம் ஒரு செடி. ஆனா இதுவும் வரலாறுதான்.

ஏழு இனங்கள் உள்ள ஒரு செடிப் பேரினம் இருக்கு. ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில் அந்த ஏழுக்கும் எதிரே ஒரே வார்த்தைதான் போட்டிருக்காங்க: காட்டில் அற்றுப்போனவை. ஏதோ ரெண்டு கண்ணாடிக் கூண்டுக்குள்ள பொத்திப் பொத்தி வெச்சிருக்கிற செடின்னு நினைக்காதீங்க. கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போயிருந்தா நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. வேலியோரம், ஆள் உயரத்துக்கு மேல, நீளமான வெள்ளைப் பூக்கள் மணி மாதிரித் தலைகீழாத் தொங்கும். சாயந்திரம் ஆனா வாசனை தூக்கும். ஏஞ்சல்ஸ் ட்ரம்பெட். தாவரவியல் பெயர் ப்ரக்மான்சியா.

காட்டுல இல்லாத செடி வேலியில எப்படி இருக்கு? யாரோ ஒருத்தர் இன்னொருத்தருக்குக் குச்சி வெட்டிக் கொடுத்ததால. அவ்வளவுதான் பதில். ஆனா அந்த 'அவ்வளவுதான்'குள்ள ஆயிரக்கணக்கான வருஷம் இருக்கு.

இந்தத் தலைப்பு எனக்கு எங்க அம்மா கொடுத்தது. எங்க ஊர் ஆர்.எஸ்.மங்கலம். முழுப் பெயர் ராஜசிங்கமங்கலம். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்வார்களே, அந்தப் பெரிய கண்மாய் உள்ள ஊர். கண்மாய்க் கரையிலும் குப்பை மேட்டிலும் ஊமத்தை தானாவே முளைச்சுக் கிடக்கும். யாரும் தண்ணி ஊத்த மாட்டாங்க, ஆடும் வாய் வைக்காது. அம்மா கொடைக்கானல் டூர் போனப்ப, தங்கின வீட்டுக்காரங்ககிட்ட ஒரு குச்சி வாங்கிட்டு வந்து, கிணத்தடி நிழலில் தொட்டியில வெச்சாங்க. அது பூத்துருச்சு. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துட்டு, "எனக்கும் ஒரு கம்பு குடுங்க, இது ஏதோ அபூர்வ ஊமத்தை போல"ன்னு கேட்டிருக்காங்க. அம்மா எனக்கு போன்: "தம்பி, இது ஊமத்தைதானா? என்ன பேருன்னு சொல்லிக் குடுக்கிறது?"

நல்ல கேள்வி. உலகத்தின் பெரிய தாவரவியலாளர்களே இதில் இருநூறு வருஷத்துக்கு மேல மாத்தி மாத்திப் பேசியிருக்காங்க.

1753-ல் லின்னேயஸ் தன்னோட புகழ்பெற்ற தாவரப் பட்டியலில் இந்த மரச்செடியையும் ஊமத்தையையும் ஒரே பேரினத்தில் போட்டார். தென் அமெரிக்காவுக்குப் போன லூயி ஃபெயே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1714-ல் வெளியிட்ட விவரம்தான் அவருக்கு ஆதாரம். பேரினத்துக்கு வெச்ச பெயர் டட்டூரா. அது நம்ம பக்கத்து வார்த்தை, சமஸ்கிருதத்தில் தத்தூர. லின்னேயஸுக்கு அயல்மொழிப் பெயர்கள் அவ்வளவாப் பிடிக்காது. அதனால 'கொடுப்பது' என்ற பொருள் வரும் லத்தீன் வினைச்சொல்லோடு இழுத்து முடிச்சுப் போட்டு, இது லத்தீன்தான்னு கணக்குக் காட்டிட்டார். ஒரு வேரியபிள் பெயரை மாத்தாம மேல கமென்ட்டை மட்டும் மாத்தின மாதிரி.

1805-ல் பெர்சூன் என்பவர் "இது வேற, அது வேற"ன்னு பிரிச்சு, ப்ரூக்மன்ஸ் என்ற டச்சுப் பேராசிரியர் பெயரில் ப்ரக்மான்சியா என்று வெச்சார். அப்புறம் வந்தவங்க திரும்ப ஒண்ணாச் சேர்த்தாங்க. 1973-ல் டாமி லாக்வுட் என்ற ஆய்வாளர் விரிவா ஆராய்ந்து பிரிச்ச பிறகுதான் பிரிவினை நிலைச்சது. நம்ம ஊர் நர்சரி அட்டைகளில் இன்னமும் 'டட்டூரா'ன்னு பார்த்தீங்கன்னா நர்சரிக்காரரைத் திட்டாதீங்க. அவர் பழைய வெர்ஷன்ல இருக்கார், அவ்வளவுதான்.

சரி, எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? மூணே விஷயம். ஊமத்தையின் பூ மேல் நோக்கியோ பக்கவாட்டிலோ நிற்கும். ப்ரக்மான்சியாவின் பூ தொங்கும், அதிகபட்சம் சரிஞ்சு நிற்கும். ஊமத்தங்காய் உருண்டை, முள்ளோ முண்டோ இருக்கும், முத்தினா வெடிக்கும். ப்ரக்மான்சியா காய் வழவழன்னு நீளமா இருக்கும், தானா வெடிக்காது. ஊமத்தை குத்துச்செடி; ப்ரக்மான்சியா கட்டை வெச்சு சின்ன மரமாகும். நம்ம ஊர்ல அந்தக் காயைப் பார்க்கிறது கஷ்டம். பெரும்பாலான இனங்களுக்குத் தன் மகரந்தமே தனக்கு உதவாது. ஒரே தாய்க்குச்சியிலிருந்து வந்த செடிகள் ஊர் முழுக்க இருந்தாலும், மரபணுக் கணக்கில் அது ஒரே செடிதான். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தது பிள்ளை இல்லை, அதே ஆள். கிட் க்ளோன்.

இப்ப கண்மாய்க் கரை ஊமத்தைக்கு வருவோம். இதை நம்ம ஊர்ச் செடின்னு யாரும் சந்தேகப்பட மாட்டோம். தேவாரத்தில் சிவனுக்கு 'மத்தம்' சூட்டுற பாடல்கள் நிறைய உண்டு, மத்தம்னா ஊமத்தம்பூ. ராமேஸ்வரத்தைப் பாடின சம்பந்தரும் அப்பரும் 7-ஆம் நூற்றாண்டு. சோழர் கால நடராஜர் சிலைகளில் சடைமுடியில் இந்தப் பூவைப் பார்க்கலாம்.

ஆனா 1991-ல் சைமன், ஹேகி என்ற ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு குண்டைப் போட்டாங்க: ஊமத்தைப் பேரினம் மொத்தமும் அமெரிக்கக் கண்டத்துச் செடி. செடிகளின் உறவுமுறையைப் பார்த்தா அதுதான் தெரியுது. அப்படின்னா கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பியர்தான் கொண்டுவந்திருக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க. அப்ப அப்பர் பாடினது எதை?

2007-ல் கீதாவும் வலீத் கரைபேயும் ஒரு கட்டுரை எழுதினாங்க. பெங்களூரிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் பயோசயன்ஸஸ் இதழில் வந்தது. பழைய அரபு நூல்கள், இந்திய நூல்கள், தென்னிந்தியச் சிலைகள் மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க. செடி அமெரிக்காவிலிருந்து வந்தது சரி. ஆனா கொலம்பஸுக்கு முன்னாடியே, அநேகமா கி.பி. முதல் ஆயிரம் ஆண்டுகளுக்குள்ளேயே, குறைஞ்சது ஒரு இனமாவது இங்க வந்திருச்சுன்னு வாதிட்டாங்க. எப்படி? மனுஷங்க கொண்டுவந்திருக்கலாம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு கடல் தாண்டின மாதிரின்னு ஒரு யோசனை. சிலைகளும் பாடல்களும் ஒரு உயிரியல் ஆய்விதழில் சாட்சிக்கூண்டு ஏறினது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். எனக்கு அவங்க வாதம் வலுவாத்தான் படுது. 1563-ல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்டாவின் நூலிலேயே, ஊமத்தை கொடுத்து மயக்கித் திருடுவது பழகிப்போன விஷயம் மாதிரி வருது. 1679-ல் வந்த ஹோர்துஸ் மலபாரிகஸ் இரண்டாம் தொகுதியில், கொச்சியிலிருந்த வான் ரீடின் ஆட்கள் ஊமத்தையில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளைத் தனித்தனிப் பெயரோடு, தனித்தனிப் படத்தோடு காட்டுறாங்க. ஊதா நிற வகைக்கு மலையாளத்தில் நீல உம்மத்து. நம்ம கருஊமத்தை. புதுசா வந்த செடிக்கு இவ்வளவு பெயர் அவ்வளவு சீக்கிரம் ஒட்டாது.

எங்க ஊர் வயலில் விளையற முண்டு மிளகாய், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கினது, அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அது போர்ச்சுகீசியர் வழி. மிளகாய், தக்காளி, கத்தரி, ஊமத்தை, ப்ரக்மான்சியா எல்லாம் ஒரே குடும்பம். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

இப்ப கொலம்பியா. தெற்கே ஆண்டீஸ் மலையில் சிபுந்தோய் பள்ளத்தாக்கு. 1941 வாக்கில் ஹார்வர்டைச் சேர்ந்த ரிச்சர்ட் எவான்ஸ் ஷூல்டஸ் அந்தப் பக்கம் போறார். அங்க காம்சா மக்களின் வைத்தியர்கள் வீட்டுத் தோட்டங்களில் விசித்திரமான ஒரு செடி. இலை நாடா மாதிரிக் குறுகி இருக்கு. பூவோ குழலா ஒட்டாம, அடி வரைக்கும் கிழிஞ்சு தொங்குது. ஊர்க்காரங்க அதைக் குலேப்ரான்னு சொன்னாங்க, பாம்புன்னு அர்த்தம். ஷூல்டஸ் இதுக்கு முன்னாடி இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை. 1955-ல் இதுக்குன்னே ஒரு புதுப் பேரினம் அறிவிச்சார்: மெதிஸ்டிகோடென்ட்ரான். இனப் பெயரை வாத்தியார் ஓக்ஸ் ஏம்ஸ் நினைவா வெச்சார்.

1960-களில் மெல்வின் பிரிஸ்டல் என்ற ஆய்வாளர் அதே பள்ளத்தாக்கில் தங்கி, வைத்தியர்களிடமே கேட்டார். அவங்ககிட்ட இது மாதிரி ஒரு பட்டியலே இருந்தது. ஒண்ணு கிந்தே, தேன்சிட்டு. இன்னொண்ணு முன்சிரோ, கம்பளிப்புழு. இலை புழு தின்ன மாதிரியே இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் தனிப் பெயர், தனி வீரியம், தனிப் பயன். எல்லாமே குச்சி வெட்டி நட்டு, கைமாத்திக் கைமாத்தி வந்தவை. விதையிலிருந்து வந்தா அந்தக் கோணல் அப்படியே வரும்னு உத்தரவாதம் இல்லை; குச்சியில வந்தா வரும். ஷூல்டஸின் புதுப் பேரினமும் தனிப் பேரினம் இல்லை, ப்ரக்மான்சியாவில் உருமாறின ஒரு வடிவம்தான்னு பின்னாடி வந்த ஆய்வாளர்கள் முடிவு பண்ணினாங்க.

யோசிச்சுப் பாருங்க. அந்தத் தோட்டக்காரர்கள் ஒரு செடியில் வந்த வித்தியாசத்தைக் கவனிச்சாங்க, பெயர் வெச்சாங்க, பிரிச்சு வளர்த்தாங்க, தெரிஞ்சவங்களுக்கு மட்டும் கொடுத்தாங்க. அப்படி ஒரு கை விட்டிருந்தா அந்த வடிவம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும். ஏழு இனங்களுக்கும் இதேதான். விதையைத் தின்னு பரப்பின ஏதோ பெரிய விலங்கு எப்பவோ அழிஞ்சிருக்கலாம்னு ஒரு ஊகம் உண்டு. அதுக்கப்புறம் அந்த வேலையைச் செஞ்சது மனுஷக் கைதான்.

அதனால இன்னைக்கு மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுக்களில் "ரேர் வெரைட்டி, கட்டிங் கிடைக்கும்"னு படம் வரும்போது நான் சிரிக்கிறதில்லை. ஆனா ரெண்டு விஷயம் பார்க்கணும்.

ஒண்ணு, நிறம். ஈக்வடாரின் தாழ்நிலத்துச் செடியான வெர்சிகலர் இனத்தில் பூ வெள்ளையா விரிஞ்சு, அப்புறம்தான் பீச் நிறமா மாறும். ஒரே செடியில் ரெண்டு நிறப் பூ தொங்கும். அதை 'டூ கலர், அபூர்வம்'னு விலை வைக்கிறாங்க. அபூர்வம் இல்லைங்க, மறுநாள். சிவப்புக் குழல் பூவா இருக்கிற சாங்குயினியா நிஜமாவே வேற இனம், வாசனை கிடையாது, தேன்சிட்டுக்கான பூ. ஆனா அது ஆண்டீஸ் உச்சியின் குளிருக்குப் பழகினது. ராமநாதபுரம் வெயிலுக்கு வாங்கி ஏமாறாதீங்க. சமவெளிக்குன்னா வெர்சிகலர், இல்லைன்னா பிரேசில் கடலோரக் காட்டிலிருந்து வந்த சுவாவியோலன்ஸ். அதுக்கும் நிழலும் நிறைய நல்ல தண்ணியும் வேணும். உப்புத் தண்ணிக்குத் தாங்கும்னு நம்பாதீங்க.

ரெண்டாவது, கொஞ்சம் சீரியஸ். இலையில் மஞ்சள் திட்டு, நெளிவு, சுருக்கம் உள்ள செடியை 'வேரிகேட்டட்'னு சொல்லிப் பகிர்றாங்க. சிலது நிஜமான வகையா இருக்கலாம். சிலது நோய். சிபுந்தோயின் அந்த விசித்திர இலைகளில் சிலதுக்கே வைரஸ்தான் காரணமோன்னு சந்தேகப்பட்டவங்க உண்டு. கொலம்பியன் டட்டூரா வைரஸ்னே ஒண்ணு இருக்கு. 1960-களில் கொலம்பியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன செடிகளில் கண்டுபிடிச்சது. அது தக்காளியையும் புகையிலையையும் தாக்கும். குச்சியோடயே பயணம் பண்ணும். விதை வழி வந்த செடிக்கு அம்மாவோட அழகு அப்படியே வராம போகலாம். குச்சி வழி வந்த செடிக்கு அம்மாவோட நோயும் சேர்ந்தே வரும். எங்க ஊர் மாதிரி நாலு பக்கமும் மிளகாய்க் காடு இருக்கிற இடத்தில், அதே குடும்பத்துச் செடியைக் கண்ணு தெரியாம கைமாத்தக் கூடாது. இலை சந்தேகமா இருந்தா கொடுக்காதீங்க. ஒரு செடி வெட்டின கத்தியை அடுத்த செடிக்கு முன்னாடி சுத்தம் பண்ணுங்க.

அப்புறம் விஷம். ரெண்டு செடியிலயும் எல்லா பாகமும் விஷம். அட்ரோபின், ஸ்கோபோலமைன் வகை. வாய் வறண்டு, கண்மணி விரிஞ்சு, புத்தி பேதலிச்சு, உயிரே போகலாம். சாப்பிடக்கூட வேண்டாம், வெட்டின கையோட கண்ணைத் தேய்ச்சாலே ஒரு கண்மணி மட்டும் விரிஞ்சு, ஆஸ்பத்திரிக்கு ஓடின தோட்டக்காரர்கள் உலகம் முழுக்க இருக்காங்க. டாக்டருக்கு உடனே உதவுறது ஒரே தகவல்: "நான் இந்தச் செடியை வெட்டினேன்."

அம்மாகிட்ட இதையெல்லாம் சொன்னேன், இதில் பத்தில் ஒரு பங்கு. "பேர் ப்ரக்மான்சியாம்மா, ஊமத்தை இல்ல, ஆனா சொந்தம்." அடுத்த நாள் போட்டோ வந்தது. ஒரு சாண் நீளக் குச்சி, ஈரத் துணி சுத்தி, மேல பால் பாக்கெட் கவர். கவர்ல மார்க்கர்ல எழுதியிருந்தாங்க: 'தொங்கு ஊமத்தை. கொடைக்கானல். வெள்ளை. விஷம், பிள்ளைகள் தொடக் கூடாது. கை கழுவவும்.' ப்ரக்மான்சியாங்கிற வார்த்தையைக் காணோம். கேட்டதுக்கு, "அந்தப் பேரை அக்கா நாளைக்கே மறந்துருவாங்கப்பா"ன்னாங்க.

தேதி மட்டும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

அடுத்த எபிசோட், உங்கள்ல நிறைய பேர் கேட்ட தனுஷ்கோடி ரயில். அதுவரைக்கும் பை.