யாருடைய விமானம்?

விமானம் என்பது தமிழில் முதலில் கோயிலுக்குச் சொந்தமான சொல். கருவறைக்கு மேலே எழும்பும் கட்டுமானம் அது. புராணத்திலோ தேவர்களும் ராவணனும் ஏறிப் போன ஊர்தி. மரமும் துணியும் எஞ்சினுமாக வெள்ளைக்காரன் கட்டிய யந்திரத்துக்கு இந்தப் பெயர் வந்தமர்ந்ததும், புதிய வியப்பு பழம்பெருமைக்குள் சுலபமாக அடங்கிவிட்டது. ‘நம்மகிட்ட இதெல்லாம் அப்பவே இருந்துச்சு’ என்று சொல்ல வசதியாகப் போயிற்று. ஜனங்கள் பேச்சில் அது ஏரோப்ளேன்தான். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஒரு சமூக இடைவெளி கிடக்கிறது.

எழுதப்பட்ட விமான வரலாறு ஓட்டியவர்களின் வரலாறு. சென்னையில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியில் செய்வித்த விமானத்தை 1910இல் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்த தபாலை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். லண்டன் கடிதம் கப்பலை முந்திக்கொண்டு வந்து சேர்ந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பதனிட்ட தோலுக்கு அன்று லண்டன்தான் பெரிய சந்தை. தோல் கப்பலில்தான் போயிற்று. விலைச் செய்தி பறக்கத் தொடங்கியது. அந்த வேகம் வியாபாரிக்குப் பயன்பட்டிருக்கும். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவனுக்கு அதில் என்ன பங்கு?

இன்னொரு கணக்கும் உண்டு. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைய முடிந்தது 1939 ஜூலையில். அதாவது, தபால் விமானம் சென்னையில் இறங்கி ஏழு வருஷம் கழித்து. ஆகாயத்து விமானம் எல்லார் தலைக்கு மேலேயும் பறந்தது. கோயில் விமானத்தை இவர்கள் தூரத்தில் நின்றுதான் பார்க்க வேண்டியிருந்தது. நவீனம் வந்தால் சாதி தானாகக் கரையும் என்ற கதையாடலை இந்த ஏழு வருஷம் உடைக்கிறது.

1942 ஏப்ரலில் வியப்பு பயமாக மாறியது. 5ஆம் தேதி கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. சென்னையே காலியானது. வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் உள்நாட்டுக்கு ஓடினார்கள். உள்ளே சொந்த வீடோ சொந்தக்காரர்களோ இல்லாதவன் எங்கே ஓடுவான்?

விமானத்தின் நினைவு மண்ணில் எப்படிப் பதிகிறது என்பதற்கு யாழ்ப்பாணத்துப் பலாலியைப் பார்க்கலாம். அது இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த தளம். 1947 டிசம்பர் 10இல் ஏர் சிலோனின் முதல் விமானம் ரத்மலானையிலிருந்து அங்கே இறங்கித்தான் சென்னைக்கு வந்தது. கடலுக்கு இரு கரையிலும் தமிழர்களை இணைத்த அதே ஓடுதளம் பின்னர் ராணுவத் தளமாயிற்று. 1990இலிருந்து வலிகாமம் வடக்கு ஊர்கள் வெறிச்சோடிப்போயின. முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏரோப்ளேன் சத்தம் என்றால் பதுங்குகுழி. 2019 அக்டோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நிலத்தை இழந்தவர்களின் வழக்கு அந்தத் திறப்புவிழாவோடு முடிந்துவிடவில்லை.

நம் பக்கத்திலும் ஓடுதளங்கள் உண்டு. அரக்கோணத்தின் போர்க்காலத் தளம் 1992இல் கடற்படையின் ராஜாளியானது. வேலூரை ஒட்டிய அப்துல்லாபுரத்துப் பிரிட்டிஷ் காலத்து ஓடுதளம் உடான் திட்டத்துக்குள் வந்தது. 2022இல் பரந்தூர் அறிவிக்கப்பட்டபோது ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் தீர்மானம் மேல் தீர்மானமாகப் போட்டு மறுத்தார்கள். ஏரியும் நஞ்சையும் வீடும் போகும் என்கிற அவர்களுடைய பேச்சை ‘வளர்ச்சிக்கு எதிர்ப்பு’ என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் அதுவும் விமான வரலாறுதான். தரையிலிருந்து சொல்லப்படுவதால் அதை யாரும் அந்தத் தலைப்பின்கீழ் எழுதுவதில்லை. நாம் எழுத வேண்டியது அதைத்தான்.