சுட்டுண்ட வரலாறு

தில்லியில் தந்தூர் அடுப்பைக் காணும் நம்மவர் சிலர், ஊனைச் சுட்டுண்பது வடநாட்டார்க்கே உரிய வழக்கம் என எண்ணுவர். அவ்வடுப்பு தொன்மையானதே, அதனையொத்த மண்ணடுப்புகள் 1960-களில் ராஜஸ்தானத்துக் காலிபங்கன் அகழாய்வில் வெளிப்பட்டன. ஆயினும், முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையைப் பாருங்கள். கரிகாலன் விருந்தில், புழுக்கிய இறைச்சியை அடுத்து, இருப்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுந்தசை வருகிறது. சூடு பொறாத பொருநன் அதனை வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒதுக்கி உண்கிறான். பசியறிந்த புலவரே இதனைப் பாடியிருக்க முடியும்!

அங்குக் கம்பியே கலம். கொழுப்பு உருகி வடியும். அனல் நாற்புறமும் தாக்க, மேற்புறம் உலர்ந்து சிவக்கும். ஆழ்ந்த பாத்திரத்திலோ நீராவி தேங்கி, சுடுதல் புழுக்கலாகிவிடும். ஆதலின், இல்லத்தில் சுடுவோர்க்குத் தாழ்ந்த விளிம்புடைய, அகன்ற, கனத்த தட்டே ஏற்றது. கத்தரிக்காய்க்கு அதுவும் வேண்டா, தோலே கலம். தணலில் சுட்டு மசித்து வெங்காயத்தோடு வதக்கினால் பஞ்சாபியரின் பர்த்தா; புளி கூட்டினால் நம் கொத்சு.